நடுவில் நடந்தவன்

“…அதுக்குத்தான் சொல்லுறன் தம்பி, கழுதையிலை என்னை ஏத்திவிடு. நீ நொண்டி நொண்டி அவவோடை வா. அவவோடை தனிய நான் ஒரு அடியும் வைக்கமாட்டன்,” என்றா அக்கா.

‘அவ’ என்று அக்கா சொன்னது என் மனைவியை. அவள் எங்களிடமிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் ஒரு உருண்டைக் கல்லில் இருந்து, சப்பாத்துக்குள் புகுந்த குறுணிக்கல்லைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தாள். காது நன்றாகக் கேட்கிற பெண். நான் இருவருக்கும் நடுவே, வீங்கிய வலது கணுக்காலை ஆற்றுத் தண்ணீருக்குள் வைத்தபடி இருந்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக எழும்பி நின்றதில், வானம் மேலே ஒரு சால்வை அகலத்துக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி, கோவேறு கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வழக்கு எப்போது முடியும் என்று பார்த்தபடி நின்றான்.

இடம் கிரீட் தீவு. காலம் தொண்ணூறுகளின் பிற்பகுதி, ஒக்டோபர் மாதம். மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கிறவனுக்குக் கிரேக்க மலைக்குள் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

எனக்குக் கூடப்பிறந்தது ஒரேயொரு அக்கா. அவ ஜெர்மனியில், ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. நான் கனடா. விசா, காகிதம், லீவு என்று பதினொரு வருசம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டெலிபோன், அவ்வளவுதான். என் கலியாணப் பேச்சும் டெலிபோனில்தான் நடந்தது. அக்கா இருந்த கட்டிடத்தில் மேல்மாடியில் குடியிருந்த எங்கட ஆட்களின் மகள். படம் தபாலில் வந்தது. “என்ன சொல்லுறாய், ஓமோ?” என்று கேட்டா. “ஓம்” என்றேன். அக்கா அன்றைக்கே மாடி ஏறிப் போய் வாக்குக் கொடுத்துவிட்டா.

அந்த ‘ஓம்’ சொல்லி மூன்றாம் மாதம் வேறொருத்தி கடைக்கு வந்தாள், இப்போதைய என் மனைவி. திருச்சிப் பக்கம். படிக்க வந்து, படிப்பு முடித்து, ஒரு ஆய்வுகூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை முறித்தாள். முறிக்கக்கூடாது என்று பிரெஞ்சில் சொன்னேன். “முறிக்காம அள்ளிட்டுப் போக இதென்ன எங்க மாமா வீட்டுத் தோட்டமா?” என்று தமிழில் தனக்குள் முணுமுணுத்தாள். நான் அந்தப் பேச்சில் விழுந்தவன், இன்னும் எழும்பவில்லை. எட்டு மாதத்தில் பதிவுத் திருமணம். பதிவு முடிந்த பிறகுதான் அக்காவுக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னேன். முன்னால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இதை வளைத்துச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தவில்லை. என் மனைவியோடு கதைக்கத் தொடங்கவே இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கோவம் வந்தால் கதைக்கமாட்டோம். ஆனால் கதைக்காமல் இருக்கவும் எங்களால் ஏலாது. அதனால் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, அந்த ஆளுக்குச் சொல்வது மாதிரி எதிராளிக்குச் சொல்லுவோம். “சாப்பாடு ஆறுதெண்டு அவருக்குச் சொல்லு” என்போம், அவர் அதே மேசையில் எதிரே இருப்பார். ஆள் கிடைக்காவிட்டால் சுவருக்குச் சொல்லுவோம், பூனைக்குச் சொல்லுவோம். இப்படி இருபது வருசம் ஓடிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். பிள்ளைகளும் பெற்றுக்கொண்டார்கள்.

அப்படி ஒரு நடு ஆளாக ஐந்து வருசம் வேலை பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் அபார்ட்மென்டில் டெலிபோன் அடிக்கும். மனைவி எடுத்து ஹலோ என்றால் மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். “ஏங்க, ஜெர்மனி மௌனம் லைன்ல இருக்கு, வாங்க” என்று கூப்பிடுவாள். நான் எடுத்தால் அக்கா, “ஆர் அது எடுத்தது, கடை விளம்பரமோ?” என்பா. டெலிபோனை வைத்த பிறகு மனைவியிடம், “அக்கா உன்னைச் சுகம் கேட்டவ” என்பேன். அடுத்த வாரம் அக்காவிடம், “அவ உங்களை விசாரிச்சவ” என்பேன். இரண்டும் நடக்கவில்லை. ஆனால் சுடுசொல்லை வாங்கி ஆற்றிக் கொடுப்பதும் ஒரு தொழில்தானே என்று எனக்கு நானே மெடல் குத்திக்கொண்டேன்.

அந்த வருசம் அக்காவின் குசினிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாரம் கிரீட் தீவுக்குப் போக ஒழுங்கு பண்ணினார்கள். அக்காவும் பேர் கொடுத்தா. எனக்கு டெலிபோன் எடுத்து, “நீயும் வா தம்பி, கண்ணாலை ஒருக்காப் பாப்பம். தனிய வா” என்றா.

என் முதலாளி கிரீட் தீவுக்காரர். அவரிடம் லீவு கேட்டதும் கடையை மறந்துவிட்டார். கத்தரிக்காய்ப் பெட்டி மட்டையைக் கிழித்து, அதில் தன் மலையையும் பள்ளத்தாக்கையும் கீறிக் காட்டினார். “விடிய பஸ் எடுத்து மேலே போ. பத்து மைல் கீழ்நோக்கி நட. அந்தப் பள்ளத்தாக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, இறங்கினால் கடலில்தான் நிற்பாய். அங்கே ரோட்டு இல்லை, படகுதான். சண்டை பிடித்த ஆட்களோடு போகாதே” என்றார். கடைசிச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன், தலைகீழாக. திரும்ப வழியில்லாத ஒரு இடத்துக்குள் இரண்டு பேரையும் கொண்டுபோய் விட்டால், மறுபக்கம் வெளியே வரும்போது கதைத்துக்கொண்டு வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கோடு மனைவிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன்.

விமான நிலையத்தில் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்தா. அழுகை அப்படியே நின்றுவிட்டது. “ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்,” என்றா. “வாங்க, நல்லா இருக்கீங்களா?” என்றாள் என் மனைவி. அக்கா பெட்டிகள் சுற்றி வருகிற அந்த ரப்பர்ப் பட்டியைப் பார்த்துக்கொண்டு, “பெட்டி வருதோ எண்டு பார் தம்பி,” என்றா.

நான்கு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் பள்ளத்தாக்கு, குசினிக்காரர்களைக் கடற்கரையில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் மட்டும். ஏழாம் நாள் அக்காவுக்கு விமானம். இந்த முறை வாயைத் திறக்காமல் அக்கா போனால், இனி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டா. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். அக்காவைப் பார்க்க நான் மட்டும் தனியே போய் வருகிற சீவியம்தான் மிச்சம். அது எனக்கு வேண்டாம்.

காலையில் மேலே நல்ல குளிர். மரத்தால் கட்டிய படிகள் வளைந்து வளைந்து கீழே இறங்கின. வாசலில் காவலாளி ஆளுக்கொரு டிக்கெட் தந்து, தொலைக்க வேண்டாம், முடிவில் வாங்கி எண்ணிப் பார்ப்போம், உள்ளே ஒருத்தரும் தங்கிவிடக்கூடாது என்றான். அவன் சொன்னதை நான் கிரேக்க மொழியிலேயே திருப்பிச் சொன்னேன். அவனுக்கு வாய் பிளந்துவிட்டது. ஏழு வருசம் முதலாளியோடு பெட்டி தூக்கிப் பழகிய கிரேக்கம். எனக்குப் பிரெஞ்சுக்கு முன்னாலேயே வந்த மொழி. “நீ எங்கள் மலைக்காட்டு ஆடு மேய்ப்பவன் மாதிரிக் கதைக்கிறாய்!” என்று முதுகில் ஒரு அடி வைத்தான். என் மனைவி பெருமையாகச் சிரித்தாள். அக்காவும் சிரித்தா. ஆனால் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தா.

மனைவி முன்னே, நான் நடுவே, அக்கா பின்னே. அக்கா சேலைதான் உடுத்திருந்தா, கீழே ஜெர்மன்காரர் மலை ஏறப் போடுகிற தடித்த சப்பாத்து. பைன் மரங்களுக்குள் பாதை இறங்க இறங்கக் குளிர் போய், கல் சூடேறி, பிசின் மணம் வந்தது.

“கேள் தம்பி, அவவுக்குக் கால் நோகுதோ எண்டு. நடக்கிற நடையைப் பாத்தால் தெரியுது.”

“அக்கா கேக்கிறா, களைப்போ எண்டு.”

“கால் வலிக்கலைன்னு சொல்லுங்க. அவங்க ஷூ லேஸ் அவுந்திருக்கு, மிதிச்சிடப் போறாங்கன்னும் சொல்லுங்க.”

“அக்கா, சப்பாத்துக் கயிறு.”

“எனக்குக் கண் தெரியும் எண்டு சொல்லு,” என்று குனிந்து கயிற்றைக் கட்டினா.

தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு வயதான ஜெர்மன் தம்பதி கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுவிட்டு அக்காவிடம் ஏதோ விசாரித்தார்கள். அக்கா ஜெர்மனில் பதில் சொன்னா. என்ன கேட்டவர்கள் என்றேன். “நாங்கள் மூண்டு பேரும் மூண்டு நாட்டு ஆக்களோ எண்டு கேட்டவை. ஓம் எண்டு சொன்னன்,” என்றா.

பாதி வழியில் ஆள் இல்லாத ஒரு பழைய ஊர். கல் வீடுகளும் தண்ணீர் கொட்டுகிற ஒரு பீலியும். அங்கே இருந்து சாப்பிட்டோம். அக்கா ஜெர்மனியிலிருந்து சுமந்து வந்த முறுக்குப் பையை அவிழ்த்தா. எங்கிருந்தோ ஒரு காட்டு ஆடு, பின்னால் வளைந்த பெரிய கொம்போடு, பயமே இல்லாமல் நேரே வந்து பைக்குள் மூக்கை நுழைத்தது. “அடி! உனக்கு ஆர் வெத்திலை வைச்சு அழைச்சது?” என்று அக்கா எழும்பிக் கத்தினா. என் மனைவிக்குச் சிரிப்பு வெடித்து, குடித்த தண்ணீர் மூக்கால் வந்துவிட்டது. அக்கா ஒரு பிடி முறுக்கை எடுத்து, என் மனைவி பக்கம் இருந்த கல்லில் வைத்தா. வைத்துவிட்டு ஆட்டைப் பார்த்து, “சிரிக்கிற ஆக்களுக்கும் பசிக்கும்தானே. நீ தள்ளிப் போ,” என்றா.

அந்த முறுக்கை என் மனைவி கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாள். சரி, கணக்குப் பிழைக்கவில்லை, கடலுக்குப் போக முதல் விசயம் முடிந்துவிடும் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஊரைத் தாண்டினால் பாதை போய் ஆற்றுப் படுக்கைக்குள் விழுகிறது. தலையணை அளவு வெள்ளைக் கற்கள், இடையிடையே தண்ணீர். மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரத் தொடங்கும். பேசினால் பேச்சு மேலே போய்த் திரும்பி வரும். அந்த இடத்தில் அக்கா பின்னாலிருந்து, “ஐஞ்சு வருசமாப் பிள்ளை குட்டி ஒண்டும் இல்லையோ எண்டு கேக்கலாமோ?” என்றா. கேட்கக்கூடாத கேள்வி. முன்னே போனவளின் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது. இதை எப்படி ஆற்றிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே, அக்காவைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாக இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடியில் கல் உருண்டது. கால் மடங்கி, கணுக்காலில் ஏதோ சடக்கென்றது. பத்து மைல் மலையில் நடு ஆள் விழுந்த இடம் அதுதான்.

ஜெர்மன் தம்பதி போய்ச் சொல்லி, அரை மணித்தியாலத்தில் காவலாளி கோவேறு கழுதையோடு வந்தான். காலை அழுத்திப் பார்த்தான். முறியவில்லை, ஆனால் நடக்க ஏலாது என்றான். கழுதை ஒரு ஆளைத்தான் சுமக்கும். அது தண்ணீரை விட்டு விலகி மெதுவாக வரும். பெண்கள் இருவரும் இப்போதே நடக்க வேண்டும். முன்னால் மலை ஒடுங்குகிற இடத்தில் தண்ணீரை நாலைந்து தரம் கடக்க வேண்டும், ஒருத்தரை விட்டு ஒருத்தர் போகக்கூடாது. படகு சாயந்தரம் ஒன்றுதான்.

இதைத் தமிழில் சொன்னேன். அதற்குத்தான் அக்கா அந்தக் கழுதைப் பேச்சைச் சொன்னது.

என் மனைவி சப்பாத்தைப் போட்டு முடிச்சை இறுக்கினாள். “ஏங்க, உங்க அக்காகிட்ட சொல்லுங்க, அவங்களுக்குக் கழுதை வேணும்னா தாராளமா ஏறிக்கட்டும். என்கூட நடக்கச் சொல்லி யாரும் அவங்க காலப் பிடிக்கல.”

நான் அக்கா பக்கம் திரும்பினேன். “அக்கா, அவ சொல்லுறா, நீங்கள் களைச்சுப் போனியள், கழுதையிலை ஆறுதலா வாங்கோ எண்டு.”

“அவ அப்பிடிச் சொல்லேல்லை,” என்றா அக்கா. “எனக்குக் காது அடைச்சிருக்கோ?”

“நான் அப்படிச் சொல்லல,” என்றாள் என் மனைவி.

முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சியில் நின்றார்கள். அது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் எடுத்தது.

“உப்பிடித்தானோ நீ ஐஞ்சு வருசமும் சொன்னனீ?” என்றா அக்கா. “அப்ப ஒண்டு கேக்கிறன், ஒண்டும் குறைக்காமல் கேட்டுச் சொல்லு. கலியாணம் முடிச்ச கையோடை எனக்கு ஒரு வரி எழுதினவவோ? இப்பிடி நடந்து போச்சு, குறை நினையாதேங்கோ எண்டு ஒரு வரி? மேல்மாடிச் சனம் படியிலை கண்டால் முகத்தைத் திருப்புதுகள். அந்தப் பிள்ளை என்னட்டைத்தான் சேலை உடுக்கப் பழகினது, இப்ப என்னைக் கண்டால் லிஃப்டுக்கை ஏறாமல் நிக்குது. கையிலை ஒரு கடிதம் இருந்திருந்தால் நான் அதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பன். எனக்கு எண்டு ஒரு வரி.”

நான் தண்ணீருக்குள் இருந்த காலை வெளியே எடுத்தேன்.

என் மனைவி எழும்பினாள். என்னைச் சுற்றிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றாள். “எழுதினேனே. நாலு பக்கம். கல்யாணமான மறு வாரமே எழுதி இவர் கைலதான் குடுத்தேன். போட்டாச்சுன்னார். உங்களுக்கு வரலையா?”

உங்களுக்கு. நடுவில் ஆளே இல்லாமல்.

அக்கா என்னைப் பார்த்தா. “டேய்,” என்றா. பதினொரு வருசத்தில் அக்கா என்னை டேய் என்றது அன்றைக்குத்தான்.

சொன்னேன். கடிதத்தை வாங்கியது உண்மை. தபால் நிலையத்துக்குப் போகிற வழியில் உறையைப் பிரித்துப் படித்ததும் உண்மை. மேல்மாடிப் பெண்ணிடம் தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதில் அவள் எழுதியிருந்தாள். உங்கள் தம்பி ஏற்கனவே சம்மதம் சொல்லியிருந்ததை என்னிடம் பதிவுக்குப் பிறகுதான் சொன்னார், முதலே தெரிந்திருந்தால் நான் உங்களிடம்தான் முதலில் பேசியிருப்பேன் என்றும் எழுதியிருந்தாள். இதை அக்கா படித்தால் கோவம் முழுக்க என் தலையில் விழும். விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் அடிக்காது. புண் ஆறட்டும், பிறகு போடுவோம் என்று குளிர் ஜக்கெற்றின் உள்பையில் வைத்தேன். அடுத்த மாரிக் குளிருக்குப் புது ஜக்கெற் வாங்கியபோது, புதிதாக வந்த ஒரு பொடியனுக்குப் பழையதைக் கொடுத்துவிட்டேன். கடிதம் அதற்குள்ளேயே போய்விட்டது.

ஆறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. காவலாளிக்கு மொழி விளங்கவில்லை, விசயம் விளங்கிவிட்டது. கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“போஸ்ட் பண்ணிட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாத குறை,” என்றாள் என் மனைவி. கண் சிவந்திருந்தது. “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், பதிலே போடாத மனுஷின்னு இவங்கள நெனச்சுக்கிட்டே போன எடுத்தேன்.”

“நான் உம்மை எழுதப் படிக்கத் தெரியாத ஆள் எண்டு நினைக்கேல்லை, எழுத மனமில்லாத ஆள் எண்டு நினைச்சன்,” என்றா அக்கா. நேரே அவளைப் பார்த்து. உம்மை என்று. “அதுதான் போனிலை வாய் வரேல்லை.”

பிறகு கேட்டா: “நாலு பக்கத்திலையும் என்ன எழுதினனீர்?”

“எல்லாம் ஞாபகம் இருக்கு,” என்றாள் என் மனைவி. “எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினது.”

“அக்கா,” என்று நான் தொடங்கினேன். “அவ என்ன சொல்லுறா எண்டால்…”

அக்கா காவலாளிக்குக் கை காட்டினா. அவன் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம் என் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து, என்னைத் தூக்கிக் கழுதையில் இருத்தினார்கள். அக்கா என் இடது காலை ஒரு உதறு உதறிச் சேணத்து வளையத்தில் பொருத்திவிட்டா. தன் பையையும் என் மனைவியின் பையையும் என் மடியில் தொப்பென்று வைத்தா. காலையிலிருந்து தன்னிடமே வைத்திருந்த மூன்று டிக்கெட்டில் என்னுடையதை மட்டும் என் சட்டைப் பையில் செருகிவிட்டு, மற்ற இரண்டையும் தன் இடுப்பில் சொருகினா. சேலையை முழங்கால் மட்டத்துக்குத் தூக்கிக் கட்டினா. பிறகு என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, “முதல் வரியிலையிருந்து சொல்லும்,” என்று சொல்லிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கினா.